கீழணைக்குக் கீழே

சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பழம்பெயரை அளித்த மரத்தை இன்று அந்நகரத்தின் நான்கு வீதிகளிலும் தேடி அலைந்தாலும் காண்பது அரிது. ஆலயத்தின் ஸ்தல விருட்சம் என்று நாவினால் மட்டும் நினைக்கப்படுகிற அம்மரத்தைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர் கிழக்கே கடற்கரையை நோக்கிப் போய், பிச்சாவரத்துக் கழிகளில் ஓடம் ஏற வேண்டும். ஒடித்தால் பால் வடியும்; அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு விளையும். சமுத்திர ஜலம் மட்டும் இருந்தால் அது செழிப்பதில்லை. ஆற்று ஜலத்தோடு உப்பு கலந்து, கலங்கி, ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் சேறே அதற்கு உகந்த நிலம். ஆகவே ஒரு காலத்தில் தில்லைவனம் என்று பெயர் பெறுமளவுக்கு அம்மரங்கள் அடர்ந்திருந்தன என்றால், தெற்கே கொள்ளிடமும் வடக்கே வெள்ளாறும் தங்கள் நன்னீரை ஆண்டு தவறாமல் அந்தக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தன என்பதே அதன் உட்பொருளாகும்.

அந்த நன்னீரின் கதையைத்தான் இங்கே சொல்ல எடுத்துக்கொண்டேன். பாசனத்துக்காகவும் மின்சாரத்துக்காகவும் காவேரியை அணை கட்டித் தடுத்தவர்கள், தங்களுக்கு வகுத்துக்கொண்ட கெடு முடிந்த நாளில் பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்தார்களா, பார்த்தபோது நதியின் கடைசியில் இருப்பவற்றை எந்தப் பத்தியில் எழுதினார்கள் என்னும் விசாரணை அது. ஆற்றின் தலைமாட்டில் நடந்தவற்றுக்குச் சரித்திரம் எழுதியவர்கள் பலர். கால்மாட்டில் நின்று பார்த்தால் அதே சரித்திரம் சற்று வேறாகத் தெரிகிறது.

முக்கொம்பில் காவேரி இரண்டாகப் பிரிகிறது. வடகிளையாகிய கொள்ளிடம் படுகை தாழ்ந்தது, சரிவு மிகுந்தது, கடலுக்குக் குறுக்குவழி கண்டது. தென்கிளையாகிய காவேரியோ மேட்டில் தவழ்ந்து, தஞ்சை நாட்டுக்குள் எண்ணிறந்த வாய்க்கால்களாகப் பிரிந்து கரைந்துபோவது. பள்ளத்தை நாடுவது ஜலத்தின் சுபாவமாகையால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடம் வரவர ஆழ்ந்துகொண்டும், காவேரி வரவர மணல் மேடிட்டுக்கொண்டும் போயின; தஞ்சையின் வயல் வறண்டால் தங்கள் கஜானாவும் வறளும் என்ற கவலை கும்பினி சர்க்காருக்கு உண்டாயிற்று. அந்தக் கவலைக்கு விடையாகக் கொள்ளிடத்தின் வாயிலில் 1836ஆம் ஆண்டில் மேலணை எழுந்தது. கட்டியவர் பிற்காலத்தில் கோதாவரிக் கரையில் பெரும்புகழ் எய்திய ஆர்தர் காட்டன்.

இதுவரை யாவரும் அறிந்த கதை. அவ்வளவாகப் பேசப்படாத பாதி ஒன்று உண்டு. அதே 1836இல், அதே காட்டன், மேலணைக்குச் சுமார் 70 மைல் கீழே கொள்ளிடத்தின் குறுக்கே இன்னோர் அணையையும் கட்டினார். அது கீழணை, இன்றும் அணைக்கரை என்றே ஊருக்குப் பெயர். இந்த இரண்டாவது அணைக்குக் காரணம் எளியது. மேலணை கொள்ளிடத்துக்குச் சேர வேண்டிய நீரைத் தஞ்சைக் காவேரிக்குத் திருப்பிவிடும். திருப்பிவிட்டால், கொள்ளிடத்திலிருந்து நேரே கால் பிரித்துப் பயிரிட்டு வந்த தென்னாற்காடு ஜில்லாவின் சிதம்பரம் தாலுகாவும், தஞ்சை ஜில்லாவின் வடகிழக்கு ஓரமும் தலைப்புகளில் நீர் ஏறாமல் தவிக்கும். மேலே எடுத்துக்கொண்டதற்கு ஈடாகக் கீழே எஞ்சி வருவதையாவது உயர்த்திக் கொடுப்பது நியாயம் என்று கருதப்பட்டது. கடலூரைத் தலைநகராகக் கொண்ட ஒரு ஜில்லாவின் கடைக்கோடி உழவனுக்கு, மேல்நாட்டில் எழும் அணையால் நேரக்கூடிய நஷ்டம் முன்கூட்டியே எண்ணிப் பார்க்கப்பட்டது. பரிகாரமும் அதே கையால், அதே ஆண்டில் செய்யப்பட்டது. அதற்கு வரி வருமானமே மூலகாரணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் இதற்குப் பிந்திய உடன்படிக்கைகளையும் தீர்ப்புகளையும் படித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது, 1836ஆம் ஆண்டின் அந்தச் சிறு நேர்மை பெரிதாகவே தோன்றுகிறது.

கீழணையிலிருந்து பிரியும் கால்களின் பெயர்களே இப்பிரதேசத்தின் முகவரி. தென்கரையில் தெற்கு ராஜன் வாய்க்கால், குமுக்கி மண்ணியாறு முதலியன; வடகரையில் வடக்கு ராஜன் வாய்க்காலும் வடவாறும். இவற்றுள் வடவாறு போய் நிரப்புவது வீராணம். பராந்தக சோழனின் வீரநாராயணன் என்ற விருதினால் பெயர் பெற்று, அவன் குமாரன் இராஜாதித்தனால் வெட்டப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த ஏரி, நீளத்தில் ஏறத்தாழ 10 மைல். அதற்கு 74 மதகுகள் இருந்தனவென்றும், அவற்றைக் கண்டே ஸ்ரீ ராமாநுஜர் தம் சம்பிரதாயம் நாடெங்கும் பாய 74 சிம்மாசனாதிபதிகளை நியமித்தாரென்றும் வைஷ்ணவர்கள் சொல்வார்கள். நாதமுனிகளும் ஆளவந்தாரும் அவதரித்த காட்டுமன்னார்கோயில் அந்த ஏரிக்கரையை அடுத்த ஊர் என்பதால், உபமானத்துக்கு அவர்கள் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. கல்கி தம் பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவனை முதன்முதலாகக் குதிரை ஏற்றி நடத்தியதும் இந்த ஏரிக்கரையில்தான். நாளும் ஆடிப்பெருக்கு நாள். இன்று அதே ஏரியின் நீர் குழாய் வழியே சென்னைக்குப் போகிறது. 2004இல் புதிய வீராணம் திட்டம் நிறைவேறுமுன், பழைய திட்டத்துக்காக வார்த்த பிரம்மாண்டமான சிமெண்டுக் குழாய்கள் சாலையோரங்களில் பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன; அவற்றுக்குள் குடித்தனம் நடத்தியவர்களும் உண்டு.

இனி, காட்டனைப் பற்றியே இன்னொரு விஷயம். அணை கட்டியவரே அணையின் தீமையை எடுத்துச் சொல்வது உலகில் அபூர்வம். 1867இல், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட நிலையில், ஆறுகளின் குறுக்கே எழுந்த அணைக்கட்டுகள் கடலிலிருந்து ஏறிவரும் மீன்களுக்கு ஊறு செய்கின்றனவென்று காட்டன் சர்க்காரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அவர் சுட்டிய ஆறுகளில் முக்கியமானது கொள்ளிடம். அதை ஒட்டி எழுந்த விசாரணை டாக்டர் பிரான்சிஸ் டே என்ற வைத்தியரிடம் ஒப்படைக்கப்பட்டது. நன்னீர் மீன்பிடிப்பைப் பற்றிய அவருடைய விரிவான அறிக்கை 1873இல் வெளிவந்தது.

அந்த மீன் எது? நம் கரையில் உல்லம் என்றும், வங்காளத்தில் இலீஷ் என்றும் வழங்குவது. நெய்யும் முள்ளும் ஒருங்கே மிகுந்தது. கடலில் வளர்ந்து, புதுவெள்ளத்தின் வாசனை கண்டதும் முகத்துவாரம் புகுந்து, நீரை எதிர்த்து ஏறி, நன்னீரில் முட்டையிட்டுத் திரும்புவது. கீழணை எழுந்த பிறகு கொள்ளிடத்தில் ஏறிய உல்லத்துக்கு அதுவே எல்லையாயிற்று. சென்னை மாகாண மீன்துறை இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் கீழணையடியில் உல்லத்தின் முட்டையைச் செயற்கையாகப் பொரிக்கச் செய்ய யத்தனித்தது. அணையில் மீன் ஏறுவதற்கென வழியும் அமைத்துப் பார்த்தார்கள். சால்மனைப் போல உல்லம் துள்ளித் தாவுகிற ஜாதி அன்று; சீமையில் பழகிய உபாயம் கொள்ளிடத்தில் பலிக்கவில்லை. ஆனால் உத்தியோகஸ்தர்கள் அந்த ஆற்றில் மீனையும் ஒரு கட்சிக்காரராக ஏற்று, அதன் வழக்கைக் கேட்ட ஒரு காலம் இருந்தது என்பதற்கு அந்தத் தோல்வியே அத்தாட்சி.

அடுத்த அத்தியாயத்தில் அரங்கம் மேலே மைசூர் இராஜ்யத்துக்கு மாறுகிறது. சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியில் திவான் சேஷாத்திரி ஐயர் வகுத்த திட்டப்படி மின்சாரம் உற்பத்தியாகி, 1902 ஜூன் மாதத்தில் 90 மைலுக்கு மேற்பட்ட தூரத்திலிருந்த கோலார் தங்கச் சுரங்கங்களுக்குக் கம்பி வழியே போய்ச் சேர்ந்தது. இந்தியாவில் நதியை விலைபேசும் விதம் அன்றோடு மாறிவிட்டது. அதுவரை நதி ஏக்கர் கணக்கில் எண்ணப்பட்டது. இனிமேல் குதிரைசக்திக் கணக்கிலும் எண்ணப்பட்டது. கோடையில் நதி மெலிந்தால் சுரங்கத்தில் இயந்திரம் மெலியும்; ஆகவே வருஷம் முழுதும் ஒரே அளவாக நீர் விழ வேண்டுமென்ற தேவை, கண்ணம்பாடியில் பெருந்தேக்கம் ஒன்று கட்டும் எண்ணத்துக்கு வலுவூட்டிய காரணங்களுள் ஒன்றாயிற்று. 1911இல் விசுவேசுவரய்யாவின் மேற்பார்வையில் வேலை ஆரம்பமாயிற்று.

சென்னை சர்க்கார் ஆட்சேபித்தது. 1892ஆம் ஆண்டின் உடன்படிக்கை, கீழ்நாட்டின் சம்மதமின்றி மைசூர் புதிய பாசனத் தேக்கங்களை எழுப்பலாகாது என்று விதித்திருந்தது. மத்தியஸ்தராக நியமிக்கப்பட்ட நீதிபதி கிரிஃபின் 1914இல் தீர்ப்பளித்தார்; சென்னை மேல்முறையீடு செய்தது; பத்தாண்டுகள் கடிதப் போக்குவரத்தில் கழிந்தன. கடைசியில் 1924 பிப்ரவரி 18ஆம் தேதி இரு சர்க்காரும் கையொப்பமிட்ட உடன்படிக்கை பிறந்தது. மைசூருக்குக் கண்ணம்பாடியில் 44,827 மில்லியன் கன அடி. சென்னைக்கு மேட்டூரில் 93,500 மில்லியன் கன அடி. அதன் கீழ்ப் புதிதாகச் சாகுபடி செய்யலாகும் நிலம் மைசூருக்கு 1,25,000 ஏக்கர், சென்னைக்கு 3,01,000 ஏக்கர். கீழே இன்ன மாதத்தில் இன்ன அளவு நீர் வந்துகொண்டிருக்க வேண்டும் என்பதற்கு அளவுகோல் எங்கே நடப்பட்டது என்றால், மேலணையில். மேலணை அளவுகோலில் நீர் சரியாக நின்றால் தஞ்சை திருப்தியடையும். சென்னை சர்க்காரின் கடமை தீர்ந்துவிடும். அந்த அளவுகோலுக்குக் கிழக்கே கொள்ளிடத்தில் என்ன போகிறது, கீழணையைத் தாண்டுகிறதா, கழியைச் சேர்கிறதா என்று கேட்கிற ஷரத்தை அந்தப் பத்திரத்தில் நான் காணவில்லை. பத்திரத்தின் கண்ணுக்குக் கொள்ளிடம் ஒரு வடிகால்; 1836இல் அதையே நம்பியவர்கள் உண்டு என்று கண்ட ஞானம் 88 ஆண்டுகளில் மறந்துபோயிருந்தது. உடன்படிக்கை பிறந்த அதே 1924 ஜூலை மாதத்தில் காவேரியில் வந்த மகா வெள்ளம், மை காய்வதற்குள் நதி போட்ட எதிர்க்கையொப்பம் போலிருந்தது.

உடன்படிக்கையின் பலனாக 1925இல் ஆரம்பித்து 1934 ஆகஸ்டு 21இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணை, 120 அடி நீர் நிற்கும் ஸ்டான்லி நீர்த்தேக்கமாயிற்று. கர்னல் எல்லிஸ் தலைமை இஞ்சினியர். அணையடி மின்நிலையம் 1937இல் இயங்கத் தொடங்கியது; இன்று அதன் திறன் 50 மெகாவாட். 1960களில் சுரங்க மின்நிலையம் 200 மெகாவாட் திறனோடு சேர்ந்தது. அதற்கும் பின்னால், செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை தொடங்கி வரிசையாக ஏழு கதவணைகள், ஒவ்வொன்றும் 30 மெகாவாட். ஒரே நீரை மேட்டூரில் ஒருமுறை, பிறகு கதவணைதோறும் ஒருமுறை என்று இறக்கி இறக்கி மின்சாரம் கறக்கிறார்கள். நியாயமாகச் சொல்வதானால், மேட்டூரில் மின்சாரம் பாசனத்துக்குப் பணிந்தே நடந்திருக்கிறது. உழவனுக்குத் திறக்கிற நீர்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரத்துக்காக உழவனின் நீர் நிறுத்தப்படுவதில்லை. ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது என்ற ஒழுங்கு டெல்டாவுக்குக் கிடைத்தது. வெள்ளத்தின் வேகமும் தணிந்தது. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் தாலுகாக்களின் சம்பா சாகுபடியும் இதனால் நன்மை அடைந்தது என்பதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

ஆனாலும் கொடுத்தது போலவே எடுத்ததும் உண்டு. ஆடியில் செக்கச்செவேலென்று வண்டல் சுமந்து வந்த புதுப்புனல், மேட்டூரில் தன் சுமையை இறக்கிவைத்துவிட்டுத் தெளிந்து வரலாயிற்று. தெளிந்த நீர் பார்வைக்கு அழகு. வயலுக்கும் முகத்துவாரத்துக்கும் வண்டலே ஆகாரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கொள்ளிடத்தில் இயல்பாகச் சென்றுகொண்டிருந்த பெருக்கு மேட்டூரில் சேமிப்பாயிற்று. உல்லம் ஆற்றில் ஏறுவதற்குக் கூப்பிடும் குரலும் அந்தப் பெருக்குத்தான். மேட்டூருக்குப் பிறகு காவேரியின் உல்ல மீன்பிடிப்பு நசித்ததென்று மீன்வளம் ஆராய்ந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். கீழணை அந்த மீனின் வழியை மறித்தது. மேட்டூர் அதற்கு அழைப்பே அனுப்பவில்லை.

இந்த இடத்தில் உடன்படிக்கையின் ஒரு ஷரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். என் கட்டுரைக்கே அதுதான் ஆணி. கையொப்பமான நாளிலிருந்து 50 ஆண்டுகள் கழிந்தபின், குறிப்பிட்ட சில ஏற்பாடுகள், இடைக்காலத்தில் கிடைத்த அனுபவத்தைக் கொண்டும், அவரவர் பிரதேசத்தில் பாசனத்தை இன்னும் விஸ்தரிக்க இடமுண்டா என்று ஆராய்ந்தும், மறுபரிசீலனைக்கு உரியவை என்பது அந்த ஷரத்து. ஒரு நதியைப் பயன்படுத்தும் உரிமைக்கு அரை நூற்றாண்டு கெடு வைத்து, கெடு முடிந்ததும் புதிதாக எடைபோடுவது என்ற அந்த யோசனை உயர்ந்தது. எடைபோடும்போது தட்டில் வைக்கத்தக்க பொருள் என்று அவர்கள் எழுதியதோ பாசன விஸ்தரிப்பு ஒன்றுதான்.

வியப்பு என்னவென்றால், ஏறக்குறைய அதே காலத்தில் பூமியின் மறுபக்கத்திலும் அதே 50 என்ற எண் எழுதப்பட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1920இல் இயற்றிய சட்டப்படி, நதியில் மின்சாரம் எடுக்கும் தனியார் அணைகளுக்கு அதிகபட்சம் 50 ஆண்டுகளுக்கே உரிமம். அது முடிந்தால் மறுபடி மனுச் செய்து, மறுபடி உரிமம் பெற வேண்டும். முதலில் அங்கேயும் தட்டில் ஏறியது மின்சாரம் ஒன்றுதான். 1986இல் சட்டத்தைத் திருத்தி, மின்சாரத்துக்குக் கொடுக்கும் அதே கனத்தை மீனுக்கும் காட்டுயிருக்கும் நதியின் இயற்கைக்கும் கொடுத்தே உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று விதித்தார்கள். அந்த விதி வெறும் அலங்காரமாக நின்றுவிடவில்லை. மெய்ன் மாநிலத்தின் ஆகஸ்டா நகரில் கென்னபெக் நதிமேல் எட்வர்ட்ஸ் அணை என்று ஒன்று இருந்தது. எடுத்த மின்சாரம் 4 மெகாவாட்டுக்கும் குறைவு. கடலிலிருந்து ஏறும் மீன்களுக்கு வழி அமைத்துக் கொடுக்கும் செலவைவிட, அணையை அகற்றும் செலவு குறைவு என்று கணக்கிட்ட, உரிமம் வழங்கும் ஆணையம், 1997இல் அதன் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. 1999 ஜூலை 1இல் அந்த அணை உடைக்கப்பட்டது. நதியில் மீன்கள் மறுபடி ஏறின. அவற்றுள் ஒன்றாகிய ஷாட் என்பது நம் உல்லத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. எட்வர்ட்ஸ் அணை கட்டப்பட்ட ஆண்டு 1837, அதாவது நம் கீழணைக்கு ஒரு வயது இளையது.

இதைச் சொல்வதால் கீழணையை இடித்துத் தள்ள வேண்டும் என்று நான் கருதுவதாக யாரும் கொள்ள வேண்டாம். லட்சத்துக்கு மேற்பட்ட ஏக்கர் நிலத்துக்கு அமுதூட்டும் அணைக்கும், 4 மெகாவாட்டு அணைக்கும் ஒரே நியாயம் பேசுவது பேதைமை. கவனிக்க வேண்டியது அந்த முறைமையை. கெடு முடிந்த நாளில் ஒரு சபை கூடி, இந்த அணையால் மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு, மனிதருக்கு எவ்வளவு, மீனுக்கு எவ்வளவு என்று பகிரங்கமாகக் கேட்டு எழுதிய முறைமை அது.

நமக்கும் அந்த நாள் வந்தது. 1974 பிப்ரவரி 18. அன்று எந்தச் சபையும் கூடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மத்திய சர்க்கார் அமைத்த உண்மை அறியும் குழு புள்ளிவிவரங்களைத் திரட்டியிருந்தது. ஆனால் உடன்படிக்கை காலாவதியாகிவிட்டது என்று கர்நாடகமும், சில ஷரத்துகளே மறுபரிசீலனைக்கு உரியவை, அடிப்படை நிரந்தரம் என்று தமிழகமும் வாதாடியதில், எடைபோட வேண்டிய தருணம் வழக்காடும் தருணமாகிவிட்டது. இதற்கிடையில் மேல்நாட்டில் கபினி, ஹாரங்கி, ஹேமாவதி அணைகள் எழுந்தன. மேட்டூருக்கு உரிமம் என்ற ஒன்று கிடையாது. சர்க்காருடைய அணைக்குச் சர்க்கார் யாரிடம் போய் உரிமத்தைப் புதுப்பிக்கும்? 1994இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இனிக் கட்டுகிற அணைகளைக் கேள்வி கேட்டது; கட்டி நிற்பவற்றை அது தொடவில்லை. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டமோ, சுவர் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்குமேயன்றி, சுவருக்குக் கீழே ஆறு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வந்ததன்று.

1990 ஜூனில் நடுவர் மன்றம் அமைந்தது. 2007 பிப்ரவரி 5இல் இறுதித் தீர்ப்பு வந்தது. நதியின் மொத்தம் 740 டி.எம்.சி. தமிழகத்துக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. கூட்டிப் பார்த்தால் 726. மிச்சம் 14. அந்தப் பதினான்கில் பத்து, சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு. நான்கு, தவிர்க்க முடியாமல் கடலில் சேர்வது. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 404.25 ஆகக் குறைத்து, கர்நாடகத்தின் பங்கை 284.75 ஆக உயர்த்தியபோதும், இந்தப் பத்தும் நான்கும் அசையாமல் நின்றன. 1924இல் பூஜ்யமாயிருந்த பத்தியில் முதன்முறையாக ஓர் எண் எழுதப்பட்டது என்ற வகையில் அது வரவேற்கத்தக்கதே. எனினும் அந்த நான்குக்கு இட்ட பெயரை நினைக்கும்தோறும் எனக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன. ஆறு கடலைச் சேர்வது தவிர்க்க முடியாத கசிவாம். தவிர்க்க முடிந்திருந்தால் தவிர்த்திருப்பார்கள் போலும்.

பத்தின் கதை இன்னும் நுட்பமானது. தீர்ப்பின் மாதவாரி அட்டவணையில் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே ஆகிய நான்கு மாதங்களுக்கு மாதம் 2.5 டி.எம்.சி. வீதம் எழுதப்பட்டிருக்கிறது. கூட்டினால் பத்து. கோடையின் நான்கு மாதங்களுக்கு நதியில் உயிர் ஓட வேண்டும் என்ற நல்லெண்ணம் அதில் தெரிகிறது. விநாடிக்கு ஆயிரம் கன அடிக்குச் சற்றுக் குறைவான அந்த நீர் கொள்ளிடத்தின் முகத்துவாரத்தை எட்டுமானால் கழிகளுக்கு அது அமிர்த சஞ்சீவி. ஆனால் அது அளக்கப்படும் இடம் இரு மாநில எல்லையிலுள்ள பில்லிகுண்டுலு. அதற்குக் கீழே மேட்டூர் இருக்கிறது, ஏழு கதவணைகள் இருக்கின்றன, மேலணையும் கீழணையும் இருக்கின்றன. மேட்டூரின் பாசனக் கதவோ ஜனவரி 28இலேயே மூடிவிடுகிறது. கங்கையின் மேற்பகுதிக்கு 2018 அக்டோபரில் மத்திய சர்க்கார் வெளியிட்ட அறிவிக்கை, இன்ன பருவத்தில் வருகிற நீரில் நூற்றுக்கு இத்தனை பங்கை அணைகள் கீழே விட்டே தீர வேண்டும் என்று, நின்று இயங்கும் மின்நிலையங்களுக்கும் சேர்த்தே விதித்தது. காவேரியில் அணைக்கு அணை அப்படி ஒரு விதி இல்லை.

வெள்ள ஆண்டுகளில் டி.எம்.சி. டி.எம்.சி.யாகக் கடலுக்குப் போகிறதே, பின் என்ன குறை என்று கேட்பார்கள். அதே 2018இல் ஆகஸ்டு மாதம் மேட்டூரிலிருந்து விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடி வரை திறந்துவிடப்பட்டது. 22ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் இற்று வீழ்ந்தன. கொள்ளிடத்தில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி ஓடினால் ஒரு நாளில் 8.64 டி.எம்.சி. கடலில் விழும், அந்தப் பத்தும் நான்கும் இரண்டு நாளுக்குள் தீர்ந்துபோகும். வருஷத்துக்கு வேண்டிய சோற்றை ஒரே பந்தியில் பரிமாறிவிட்டு, மற்ற நாளெல்லாம் இலையை எடுத்துவிடுவது போன்றது அது. கடலூர் நகரமும் இந்த விருந்தை அறியும். 1892 உடன்படிக்கையில் பெயர் கண்ட நதிகளுள் ஒன்றாகிய தென்பெண்ணை, சாத்தனூர் அணைக்குக் கீழே வருஷத்தில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் புயல்மழையின்போது விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் ஒரே இரவில் திறக்கப்பட்டு, கரையோர ஊர்களும் கடலூரின் பகுதிகளும் நீரில் அமிழ்ந்தன.

பிச்சாவரத்தின் க்ஷீணத்துக்கு நதி மட்டும் காரணமன்று என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளையர் காலம் முதல் பல பத்தாண்டுகள் வனத்துறையாரே காட்டைப் பகுதி பகுதியாக அடியோடு வெட்டி விற்றார்கள். வெட்டிய நிலம் வெயிலில் காய்ந்து தொட்டிபோல் தாழ்ந்தது. ஏறிய கடல்நீர் அதில் தேங்கி வற்றி, உப்பு மிஞ்சியது. விதை விழுந்தும் முளைக்கவில்லை. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கழி ஊராரும் கூடி, மீன்முள் போலக் கால்கள் வெட்டி, ஓதநீர் ஏறியிறங்க வழி செய்து, கன்று நட்டு, அந்தக் காட்டில் ஒரு பகுதியை மீட்டார்கள். 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது, மரத்திரைக்குப் பின்னிருந்த ஊர்களுக்குச் சேதம் குறைந்ததை உலகமே பேசிற்று. கால் வெட்டினால் கடல்நீர் வரும். நன்னீருக்கு வெட்ட வேண்டிய கால் வெகுதூரம் மேலே இருக்கிறது. நன்னீர் குறைந்த இடத்தில் உப்புத் தாங்கும் வெண்கண்டல் பரவுகிறது. நன்னீரைச் சற்று அதிகம் வேண்டும் மரங்கள் ஒதுங்குகின்றன.

கொள்ளிடத்திலோ, கீழணைக்குக் கீழே கோடையில் ஆறு பின்னோக்கி ஓடுகிறது என்று சொல்லலாம். மேலிருந்து நீர் வராத நாளில் கடல் ஓதத்தோடு ஏறுகிறது. மணல் அள்ளிப் படுகை தாழ்ந்த இடமெல்லாம் அதற்கு வழி எளிதாகிறது. கரையோரக் கிணறுகள் கரிக்கின்றன. இதற்குப் பரிகாரமாக, தென்கரை ஆதனூருக்கும் கடலூர் மாவட்டத்துக் குமாரமங்கலத்துக்கும் இடையே கொள்ளிடத்தின் குறுக்கே கதவணை ஒன்று கட்டுவதென்று 2014இல் அறிவித்தார்கள். சில ஆண்டுகளுக்குப் பிறகு வேலை தொடங்கிற்று. உப்புநீரைத் தடுப்பதும், நன்னீரைத் தேக்கி நிலத்தடியில் ஊறச் செய்வதும் அதன் நோக்கம். மேலணை கொண்டுபோனதற்குக் கீழணை. கீழணைக்குக் கீழே வராததற்கு இன்னோர் அணை. காட்டனின் 1836ஆம் ஆண்டு வைத்தியமே, 70 மைலுக்குப் பதில் இன்னும் கீழே வந்து, மறுபடி செய்யப்படுகிறது. கரையோரக் கிணறுகளுக்கு அது நன்மை செய்யும் என்றே நம்புகிறேன். அந்தக் கதவணைக்கும் கீழே இன்னும் கொஞ்சம் ஆறு மிச்சமிருக்கிறது. அது கொடியம்பாளையத்தருகே கடலைச் சேர்கிறது. அதற்கு வடக்கே கழிகளின் நடுவில், சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த மரங்கள் நிற்கின்றன.